சின்னதின் விசில்

ஆட்டம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் உறைந்தது. வாசற்கதவைத் திறக்கலாம், கூடத்தில் நடக்கலாம், சமையலறைக் குழாயைத் திருகித் தண்ணீர் விழுவதைக்கூடப் பார்க்கலாம். பிள்ளைகள் அறையின் கதவுப்பிடியில் கை வைத்தால் மட்டும் திரை கல்லாய்ச் சமைந்துவிடும். படம் நின்ற பிறகும் ஓசை நிற்காது. பல்லிடுக்கில் காற்றை விடுவது போல மெல்லிசாக ஒரு சத்தம் ஸ்பீக்கரில் மாட்டிக்கொண்டு வந்துகொண்டே இருக்கும். கணினியை அணைத்தால்தான் அடங்கும். அணைத்த பிறகும் சற்று நேரம் அது அறையில் எங்கோ இருப்பது போலத் தோன்றும்.

பல்லுக்காரருக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

தெருவில் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பவர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரல்களில் அந்தப் பிளாஸ்டிக் மாவின் வாடை போகாது. வாரம் முழுவதும் ஊரார் வாயைப் பார்த்து அலுத்தவருக்கு ஒரே போக்கிடம் இந்தக் கணினி ஆட்டம். நாமே ஒரு வீரனாகி, வாளும் கையுமாக ஊர் ஊராகத் திரிகிற ஆட்டம். விற்ற கம்பெனி கொடுத்தது போதாதென்று, ஆடுகிறவர்களே புதுக் காடு, புது ஊர், புது ஆட்கள் என்று செய்து அதோடு ஒட்டவைப்பார்கள். மோட் என்று பேர். பல்லுக்காரரும் ஒரு மோட் செய்திருந்தார். டிராகன் பறக்கும் அந்த உலகத்தில், ஒரு மலையடிவாரத்தில், தன் சொந்த வீட்டையே கட்டியிருந்தார். தரையில் விரிசல் விட்ட டைல்ஸ் வரை அதே வீடு.

கட்டச் சொன்னது பிள்ளைகள். இரட்டைப் பெண்கள். முன்னால் பிறந்தது பெரிசு, பின்னாலேயே வந்தது சின்னது. ஒரே முகம், ஒரே குரல், ஒரே பிடிவாதம். பெற்றவளே சில சமயம் தடுமாறிப் போவாள். பல்லுக்காரர் தடுமாறியதில்லை, அவர் முகத்தையா பார்க்கிறார்? சின்னதுக்கு மேல்வரிசை முன்பல்லில் ஒரு மூலை இல்லை. குளியலறையில் வழுக்கிக் குழாயில் மோதி உடைந்தது. அதற்கப்புறம் 'ச' வருகிற சொல்லெல்லாம் அந்தச் சந்து வழியாக விசிலடித்துக்கொண்டுதான் வெளியே வரும். பெரிசு கேலி செய்யும். சின்னது சண்டைக்குப் போகும். சண்டையிலும் விசில் வரும். இருவர் பல்லையும் அச்செடுத்து, வெள்ளைச் சாந்தில் வார்த்து, கணினி மேசைமேல் ஜோடியாக வைத்திருந்தார்.

முதலில் செய்த கோப்பில் வீடும் பெரிசும் இருந்தன. அதன் தோள்மேல் ஏறி உட்காருகிற மாதிரி பிறகு இன்னொரு கோப்பு செய்தார். சின்னது இருந்தது அதில்தான். உண்மையைச் சொன்னால், சின்னதை அவர் செய்யவே இல்லை. பெரிசை அப்படியே நகலெடுத்து இன்னொரு கட்டிலில் உட்காரவைத்துவிட்டார். ஒரே முகம்தானே, எதற்கு இரட்டை வேலை, பல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது விட்டபடியே கிடந்தது. பல்லை நம்பிப் பிழைக்கிற மனுஷனுக்குச் சொந்தப் பெண்ணின் பல் மறந்துபோயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மச்சினனைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். மனைவியின் தம்பி, வேறு ஊரில் கணினி வேலையில் இருப்பவன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, மோட் செய்யும்போது கோப்புக்குள் வேண்டாததெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும், அதில்தான் ஆட்டம் தடுக்கி விழுகிறது, துடைத்துவிட்டால் சரியாகும் என்றான். அதற்கென்றே ஒரு டூல் இருக்கிறதாம்.

"அது உங்க கோப்புல இருக்கற ஒவ்வொண்ணையும் மூலக் கோப்போட, அதாவது நீங்க முதல்ல செஞ்சதோட, ஒத்துப் பார்க்கும் மாமா. மூலத்துல இருக்கற மாதிரியே இருந்தா, இது சும்மா ஒரு நகல், தேவையில்லன்னு தூக்கிடும்."

"தூக்கின இடத்துல ஓட்டை விழாதா?"

"விழும். அதனாலதான் அது எதையும் நெஜமா அழிக்காது. எடுத்துட்டுப்போய்த் தரைக்குக் கீழ, யாராலயும் போக முடியாத ஆழத்துல வெச்சு, அணைச்சு விட்டுடும். அது அங்கயேதான் இருக்கும். ஆனா ஆட்டத்துல யாருக்கும் தெரியாது."

மூலம், மூலம் என்று திரும்பத் திரும்பக் காதில் விழவே மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மருந்துக்கடையில் வேலை செய்பவள்.

"மூலத்துக்கு எங்க கடையிலயே களிம்பு இருக்குங்க. அதைப் போய் அவன்கிட்டயா கேப்பீங்க?"

போனில் மச்சினன் சிரித்தான். எதற்கென்று புரியாமலே பிள்ளைகள் இருவரும் பக்கத்து அறையில் சிரித்தார்கள். ஒரு சிரிப்பு நேராக வந்தது. இன்னொன்று விசிலோடு வந்தது.

டூலை இறக்கி, ஜிப் கட்டை அவிழ்த்து, ஓடவிட்டார். கறுப்பாக ஒரு கட்டம் திறந்து, மூலத்தைக் காணவில்லை என்று சொல்லி மூடிக்கொண்டது. இடம் தப்பு. ஆட்டம் இருக்கிற ஃபோல்டருக்குள்ளேயே வைக்க வேண்டுமாம். மாற்றி வைத்தார். இப்போது கட்டம் மூடிக்கொள்ளவில்லை. எந்தக் கோப்பைத் துடைக்கட்டும் என்று கேட்டது. மூலத்தை மட்டும் தொட்டுவிடாதீர்கள் என்று மச்சினன் படித்துப் படித்துச் சொல்லியிருந்ததால், முதல் கோப்பை விட்டுவிட்டு இரண்டாவதுக்கு மட்டும் குறி போட்டார்.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. விளக்குப் போடச் சோம்பலாக இருந்தது. கணினிப் பெட்டிக்குள் காற்றாடி வேகமெடுத்து, சூடேறிய தூசியின் வாடை மூக்கில் ஏறியது. சமையலறையில் தாளிக்கும் ஓசை. பக்கத்து அறையில் சீட்டு விளையாடும் பிள்ளைகளின் தகராறு. திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக மேலே ஓடத் தொடங்கின. கட்டில், மூலத்தை ஒத்தது, நீக்கம். தலையணை, மூலத்தை ஒத்தது, நீக்கம். போர்வை, செருப்பு, சீப்பு. படிக்கப் படிக்க ஓடின. பல்லுக்காரர் பாதியைத்தான் பிடித்தார்.

"சும்மா சும்மா நீயே ஜெயிக்கற, போடி," என்றது சின்னது, இரண்டு விசிலோடு.

பெண் குழந்தை, மூலத்தை ஒத்தது, நீக்கம். மீட்டுத் தரைக்குக் கீழே வைக்கப்பட்டது. அணைக்கப்பட்டது.

"சும்மா சும்"

எழுத்துகள் நின்றன. முடிந்தது என்றது கட்டம். காற்றாடி தணிந்தது.

அவசர அவசரமாக ஆட்டத்தைத் திறந்தார். மலையடிவாரம், வாசல், கூடம். கதவுப்பிடியில் கை வைத்தார். கதவு திறந்தது. உறையவில்லை, தடுக்கவில்லை, அந்தப் பாழாய்ப்போன சத்தமும் இல்லை. உள்ளே ஒரு கட்டில், அதன்மேல் கால் ஆட்டிக்கொண்டு பெரிசு. பக்கத்துச் சுவரோரம் காலியாக இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. நகலைத் தேவையில்லை என்று தூக்கிவிட்டது. டூல்மேல் தப்பில்லை, சொன்ன வேலையைச் செய்திருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். போகட்டும், புதிதாகச் செய்துவிடலாம், இந்த முறை பல்லோடு. இந்தக் கூத்தைச் சின்னதிடம் சொன்னால் என்ன பாடு படுத்தும் என்று நினைத்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார்.

சாய்ந்தபோதுதான் வீடு அமைதியாக இருப்பது தெரிந்தது.

முழு அமைதி இல்லை. பெரிசு பேசிக்கொண்டுதான் இருந்தது. "இப்ப உன் முறை." அப்புறம் ஓர் இடைவெளி. "ம், போடு." மறுபடி இடைவெளி, யாரோ பதில் சொல்லி முடிக்கிற அளவுக்கு. "அது செல்லாது." அந்த இடைவெளிகளில் ஒன்றுமில்லை. மின்விசிறியின் கிறீச்சுகூட அந்த இடங்களில் விலகி நின்றது போலிருந்தது.

எழுந்து போய் அறை வாசலில் நின்றார். பெரிசு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. சீட்டு இரண்டு பேருக்குப் போட்டிருந்தது. எதிரில் யாரும் இல்லை. ஜன்னலோரம் ஒரு கட்டில். பக்கத்துச் சுவரோரம் காலி. கட்டில் கால் அழுத்திய தடம்கூட டைல்ஸில் இல்லை. காலகாலமாக அங்கே எதுவும் இருந்ததில்லை என்பது போல வழவழப்பாக இருந்தது.

"சின்னது எங்க போச்சு?"

பெரிசு நிமிர்ந்து பார்த்தது. "எதுப்பா சின்னது?"

விளையாட்டு என்றுதான் நினைத்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அலமாரிக் கதவைத் திறந்தார். ஒரே அளவில் ஜோடி ஜோடியாகத் தொங்குகிற சட்டைகள் ஒற்றை ஒற்றையாகத் தொங்கின. குளியலறைக்குப் போனார். குவளையில் பிரஷ்கள் மூன்று. பெரிய பிரஷ், பெரிய பிரஷ், ஒரு சின்ன பிரஷ். அதை எடுத்துப் பார்த்தார். ஈரமாக இருந்தது. வைத்தார். மறுபடி எண்ணினார்.

சமையலறையில் மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சின்னது எங்க?"

"எந்தச் சின்னதுங்க? பக்கத்து வீட்டுப் பொண்ணா?"

"நம்ம சின்னது. நம்ம ரெண்டாவது."

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அந்தக் கையில் பதற்றம் இல்லை. காய்ச்சல் இருக்கிறதா என்ற அக்கறை மட்டும் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "சுத்தமா புரியலங்க நீங்க பேசறது. எப்பப் பார்த்தாலும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்தா இப்படித்தான்," என்றாள். பிறகு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "பாப்பா, கை கழுவிட்டு வா."

பாப்பா. அந்த வீட்டில் அந்தப் பெயரை அவர் கேட்டதே இல்லை. பெரிசு என்று அழைக்கச் சின்னது என்று ஒன்று வேண்டுமே. அது இல்லாத வீட்டில் இருப்பது வெறும் பாப்பா.

கணினி மேசைக்கு ஓடினார். வெள்ளைச் சாந்து அச்சு ஒன்றுதான் இருந்தது. அதன் பக்கத்தில், தூசி படிந்த மேசையில், தூசி படியாத இடம் என்று எதுவும் இல்லை.

அப்போது தரை தட்டியது.

ஒரு தட்டு. காலுக்கு நேர் கீழே. எலியாக இருக்கும் என்று நினைக்கப் பார்த்தார். தரைத்தள வீடு, டைல்ஸுக்குக் கீழே சிமென்ட், சிமென்ட்டுக்குக் கீழே மண், மண்ணுக்குக் கீழேயும் மண். மறுபடி தட்டியது. சின்னக் கை, மூடிய கை, கதவைத் தட்டுகிற மாதிரி. முழங்காலிட்டார். காதை வைத்தார். டைல்ஸின் குளிர் கன்னத்தில் ஏறியது. முதலில் தன் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அதற்கும் அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, இன்னொன்று.

"அப்பா. சீக்கிரம்."

விசிலோடு.

எப்படி எழுந்தார், எப்படிப் போனை எடுத்தார் என்று தெரியாது. மச்சினன் எடுத்ததும், உனக்கு எத்தனை மருமகள்கள் என்று கேட்டார். அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். பாப்பா ஒருத்திதானே மாமா, ஏன், அக்கா மாசமா இருக்காளா என்று கேட்டான். மேலே பேசினால் அவனும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பான். பல்லுக்காரர் குரலை அடக்கிக்கொண்டு, துடைத்ததைத் திருப்ப வழி உண்டா என்று மட்டும் கேட்டார்.

"அது ரொம்பச் சுலபம். துடைக்கறதுக்கு முன்னாடியே பழைய கோப்பை ஒரு ஃபோல்டர்ல எடுத்து வெச்சிருக்கும். அதைக் கொண்டுவந்து மேல போட்டுடுங்க. ஆனா ஒண்ணு மாமா. அந்தக் கோப்புல நீங்க என்ன வெச்சிருந்தீங்களோ, அதுதான் திரும்பி வரும். வேற எதுவும் வராது."

போனை வைத்தார். பழைய கோப்பு இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் கை நின்றது. அதற்குள் இருப்பது சின்னது இல்லை. பெரிசின் நகல். முதலில் அதைத் திறந்து, முகத்தை அருகில் கொண்டுவந்து, அந்த முன்பல்லின் மூலையைத் தட்டிவிட வேண்டும். எந்தப் பக்க மூலை? இடப்பக்கம். வலப்பக்கம். அவருக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கண்ணை மூடி அந்த வாயை நினைத்துப் பார்த்தார். உதடு வந்தது. சிரிப்பு வந்தது. பல் வரவில்லை.

தரை தட்டியது. முன்னைவிட மெல்ல.

குழாயில் மோதியது. எந்தக் குழாய்? யார் மோதியது? ஒரு பெண். அவருடைய பெண். இரண்டு பெண்களில் ஒருத்தி. அவளை ஏதோ சொல்லி அழைப்பார்கள். நாக்கின் நுனியில் இருந்தது. நாக்கின் நுனியிலிருந்து வழுக்கிக்கொண்டிருந்தது.

சின்னது. சின்னது. சின்னது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் போய்விடும். பல்லைத் தேடிக்கொண்டிருந்தால் பிள்ளையே போய்விடும். முதலில் வரட்டும். மேலே வந்து சேரட்டும். பல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய கோப்பை எடுத்து மேலே போட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. காற்றாடி ஒருமுறை உறுமி அடங்கியது. பிறகு மேசையின் மேல், கண் சிமிட்டுகிற நேரத்தில், அச்சு இரண்டாக இருந்தது. ஜோடியாக. இரண்டாவது அச்சை எடுத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய், மிச்சமிருந்த வெளிச்சத்தில் திருப்பினார். கட்டைவிரலால் முன்பல்லைத் தடவினார்.

முழுசாக இருந்தது.

"சின்னது வந்தாச்சு, பெரிசு எங்க?" என்றாள் மனைவி கூடத்திலிருந்து. சாதாரணக் குரல். தினமும் கேட்கிற குரல். "ஏங்க, நீங்களும் வாங்க. தட்டு வெச்சாச்சு."

நான்கு தட்டுகள் வைக்கும் ஓசையைக் கேட்டார். எண்ணினார். நான்கு.

கூடத்துக்குப் போகும் நடையில் விளக்கு எரியவில்லை. அதன் நடுவில் அது நின்றது. சின்னதின் உயரம். சின்னதின் சட்டை. சின்னதின் முகம். இரண்டு கைகளும் தோளுக்கு நேராக, கொடியில் காயப்போட்ட சட்டையைப் போல, பக்கவாட்டில் விறைத்து நீண்டிருந்தன. ஒரு கையின் நுனி சுவருக்குள் போயிருந்தது. சுவர் உடையவில்லை. கணுக்கால் வரை தரைக்குள் இருந்தது. தரையும் உடையவில்லை.

அது மூச்சு விடவில்லை. சிமிட்டவில்லை. சிரித்துக்கொண்டிருந்தது.

"சின்னது," என்றார்.

தலை திரும்பியது. தலை மட்டும்.

பெரிசு அறையிலிருந்து ஓடிவந்து, அந்த நீட்டிய கைக்கு அடியில் குனிந்து, கூடத்துக்குப் போனது. பழகிய பிள்ளை பழகிய நாற்காலியைத் தாண்டுவது போலப் போனது. மனைவி வந்தாள். அதன் தலைமுடியைக் கோதி, நெற்றியில் விழுந்த ஒரு கற்றையைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். கற்றை உடனே பழைய இடத்துக்கே வந்தது. மறுபடி ஒதுக்கினாள். மறுபடி வந்தது.

"பாருங்களேன், சாப்பிட வான்னு கூப்பிடாம பிள்ளையையே பாத்துட்டு நிக்கறீங்க," என்று சிரித்தாள். "பிள்ளைக்குப் பசிக்குமில்ல?"

அதன் வாய் திறந்தது. மேல்வரிசை, கீழ்வரிசை, வெள்ளையாக, வரிசையாக, ஒன்றுகூடக் குறையாமல். "சரிம்மா," என்றது. 'ச' சுத்தமாக வந்தது.

தட்டு.

பல்லுக்காரரின் காலுக்குக் கீழே. மெல்ல.

அவர் குனியவில்லை. அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. முழுப் பல்லும் தெரிய, கைகளை விரித்தபடி, தரைக்குள் கால் புதைந்தபடி. மனைவி அதன் தோளுக்கு மேலாக எட்டி விளக்கைப் போட்டாள். எல்லாருக்கும் நிழல் விழுந்தது. அதற்கு விழவில்லை.

"ஏங்க, அது என்ன சத்தம்?" என்று மனைவி காதைக் கொடுத்துக் கேட்டாள். "குழாய்ல காத்து அடைச்சிருக்கா?"

டைல்ஸுக்கு அடியில், ஆழத்தில், ஏதோ ஒன்று உடைந்த சந்து வழியாக விசிலடித்துக்கொண்டிருந்தது. பல்லுக்காரர் உற்றுக் கேட்டார். எங்கேயோ கேட்ட சத்தம். எங்கே என்றுதான் சுத்தமாக நினைவு வரவில்லை.